வயதுக்கேற்ற பலகை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். வயலும் ஏரியும் கிணறும் சூழ்ந்த இவ்வூரில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், நெல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். கடலைப் பற்றிப் பேச்செழுவது அரிது. ஆயினும் இங்கே கூடுகின்ற நீர் கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூரை அடுத்துக் கடலில்தான் கலக்கிறது. அதுபோலவே கடலைப் பற்றிய வழக்கொன்றும் அண்மையில் இவ்வூர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

வழக்கைக் கொண்டுவந்தவர்கள் ஓர் இளங்குடும்பத்தார். கணவருக்கு வயது 42. கோவளத்து மீனவர் குடியில் பிறந்தவர். மனைவி இவ்வூர்ப் பெண். கணவருக்கு ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பன்னிரண்டு வயதில் ஒரு மகளும் ஒன்பது வயதில் ஒரு மகனும் உண்டு. நல்லிணக்கமான குடும்பம். அன்று மாலை இருவர் முகத்திலும் இறுக்கம் தெரிந்தது.

"ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். இவர் மறுபடியும் கடலுக்குப் போகிறாராம். மீன் பிடிக்கப் போனாலாவது பிழைப்பு என்று பொறுத்துக்கொள்வேன். பலகையின்மேல் ஏறி நின்று அலையில் விளையாடப் போகிறாராம்!" என்றார் மனைவி.

கணவர் தலை குனிந்தவாறே சொன்னார்: "விளையாட்டுத்தான் ஐயா. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அது இல்லாமல் எனக்கு ஒரு வாரமும் போனதில்லை. பதின்மூன்று வருடம் விட்டுவிட்டேன். இப்போது உடம்பு கேட்கிறது, மனமும் கேட்கிறது."

நடந்தது இது. உயிர்ப்புப் பெருவிழா விடுமுறையில் குடும்பத்தோடு கோவளத்துத் தாய்வீட்டுக்குச் சென்றிருக்கிறார். கடற்கரையில் இளைஞர்கள் சிலர் அலைச்சறுக்கு விளையாடுவதைக் கண்டதும் பழைய ஆசை மூண்டது. அவர்களில் ஒருவரிடம் ஆறடிப் பலகை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவி மக்கள் பார்த்திருக்க, நீரில் இறங்கினார். ஓர் அலையைக்கூடப் பிடிக்க இயலவில்லை. கால் மணி நேரத்தில் தோள் ஓய்ந்தது. அதற்குள் நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிட்டது. கரையேற அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் ஈர மணலில் முழந்தாளிட்டிருந்த மனைவி, அவர் வந்து சேர்ந்ததும் கேட்ட முதற்கேள்வி: "இனிமேல் கடலா, நாங்களா?"

இக்கேள்விக்கு விடை கூறுமுன், அவர் எதில் தவறினார் என்பதை ஆராய வேண்டும். கோவளத்தில் இவ்விளையாட்டைக் கற்பிக்கும் சிலரையும், பலகைகளைப் பழுதுபார்க்கும் ஒருவரையும் சந்தித்துக் கேட்டறிந்தேன். அவர்கள் ஒருமுகமாகக் கூறியது இதுதான்: "கடலுக்குத் திரும்பியது தவறன்று. இருபத்தைந்து வயதுக்காரனின் பலகையோடு திரும்பியதே தவறு."

அலையும் பலகையும்

அலைமேல் ஏறிவருதல் நம் கடற்கரைக்குப் புதிதன்று. கட்டுமரத்தில் சென்ற நம் மீனவர், கரையோர அலைகளை எண்ணிப் பார்த்து, பேரலைக் கூட்டம் கடந்ததும் வெளியே செல்வர். திரும்பும்போது அலையின் முதுகிலேயே கரை சேர்வர். 'கட்டுமரம்' என்னும் சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்று உலகெங்கும் வழங்குகிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகின. எனினும் அந்தக் கால்களின் பழக்கம் பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது.

பலகைமேல் நின்று அலையில் சறுக்குவதை ஒரு பெருங்கலையாக வளர்த்தவர்கள் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவினர். அவர்களின் பழைய மரப்பலகைகளுள் சில ஓர் ஆளின் எடைக்கு நிகராக இருந்தன. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோக்கு, பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது அங்கேயே ஒரு பைன் மரப்பலகையைச் செதுக்கி, சிட்னியின் ஃபிரெஷ்வாட்டர் கடற்கரையில் இக்கலையைச் செய்து காட்டினார். அப்பலகை இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 1950களின் இறுதியில் மரத்தின் இடத்தை, கண்ணாடி இழை போர்த்திய ஃபோம் பிடித்தது, பலகை இலேசாயிற்று. 1967, 1968ஆம் ஆண்டுகளையொட்டிப் பலகைகள் திடீரெனக் குறுகின. வேகமாகத் திரும்பவும் வெட்டி வளையவும் இளைஞர்கள் ஆறேழு அடிப் பலகைகளை நாடினர். ஒன்பது அடிப் பலகைகள் கொட்டகைகளில் முடங்கின.

ஆனால் அந்த இளைஞர்களுக்கும் வயதாயிற்று. 1980களில் நெடும்பலகை மீண்டும் கடலுக்கு வந்தது. இடைவெளிக்குப் பின் நடுத்தர வயதில் திரும்பியவர்கள் அதை விரும்பி எடுத்ததும் அம்மறுமலர்ச்சிக்கு ஒரு காரணம். ஆகவே நம் கோவளத்துத் தம்பியின் சிக்கல் அவருக்கு மட்டும் உரியதன்று. உலகம் ஒருமுறை கண்டு தீர்த்துக்கொண்ட சிக்கல் அது.

கோவளத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவ்வூர் மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன், சிறுவயதில் மரப்பலகைத் துண்டுகளை வைத்துக்கொண்டு அலையில் விளையாடியவர். பின்னர் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012ஆம் ஆண்டு அங்கே அலைச்சறுக்குப் பள்ளி உருவாயிற்று. 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு விழாவும் நடைபெறலாயிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். மீன்பிடித் தொழில் மட்டுமே தெரிந்திருந்த குப்பங்களின் பிள்ளைகளுக்கு இது ஒரு கௌரவமான துறையாகிவிட்டது. ஆகவே இதை வேலையற்றோர் விளையாட்டென ஒதுக்கிவிடுவது முறையன்று.

நெடும்பலகை ஏன்?

லாங்போர்டு என்று வழங்கப்படும் நெடும்பலகை, ஒன்பது அடியும் அதற்கு மேலும் நீளமுடையது. ஷார்ட்போர்டு எனப்படும் குறும்பலகை, ஏறக்குறைய ஐந்தரை முதல் ஏழு அடிக்குள் அடங்கும். இவற்றின் வேறுபாடு நீளத்தோடு முடிவதில்லை.

பலகையின்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளித்தான் அலையைப் பிடிக்க வேண்டும். இவ்விளையாட்டில் நிற்கும் நேரம் சில விநாடிகளே. படுத்துத் துழாவும் நேரமே மிகுதி. பலகை நீண்டிருந்தால் ஒருமுறை கையை வீசியதும் வழுக்கிக்கொண்டு முன்செல்லும். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் தோள் உழைக்க வேண்டும். நெடும்பலகைக்காரர், அலை செங்குத்தாக எழுமுன்பே, மெல்லச் சரிந்து வரும்போதே அதில் ஏறிவிடுவார். எழுந்து நிற்க அவருக்கு நேரம் கிடைக்கும். குறும்பலகைக்காரரோ அலை எழுந்து உடையும் கணத்தில் ஏறி, அக்கணத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அது இயலும். பதின்மூன்று ஆண்டுகள் தொழிற்சாலையில் நின்று வேலை செய்த முதுகுக்கு அது எளிதன்று.

பலகை வாங்கச் செல்வோர் முதலில் கேட்கவேண்டியது அதன் கொள்ளளவு. அது லிட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். நாம் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவமே இங்கு வேலை செய்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவு, நீரில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். நம் தம்பி இளமையில் 62 கிலோ எடையிருந்தார். அவருடைய பலகை 30 லிட்டர். அவர் எடையில் பாதியை அது தாங்கிற்று. இன்று அவர் 84 கிலோ. அதே அளவுள்ள பலகை இன்று மூன்றில் ஒரு பங்கையே தாங்கும்; மீதியை அவருடைய தோள் சுமக்க வேண்டும். ஓர் அலையும் அகப்படாமல் போனதற்குக் காரணம் இதுவே. "கடல் என்னை மறந்துவிட்டது ஐயா" என்று அவர் வருந்தினார். கடல் மறக்கவில்லை, எடை கூடியதை அவர்தாம் மறந்துவிட்டார்.

அவருக்கு ஏற்றதெனப் பயிற்சியாளர்கள் கூறிய அளவு இது: நீளம் 9 அடி 4 அங்குலம், அகலம் 23 அங்குலம், நடுக்கனம் 3 அங்குலம், கொள்ளளவு 75 லிட்டர் அளவில். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 9 அடி நீளமும், இருபத்திரண்டரை அங்குல அகலமும், 60 முதல் 65 லிட்டரும் போதும். இதற்கும் பெரிது எல்லார்க்கும் நல்லதன்று. தூக்கிச் செல்லவும் உடையும் அலையைக் கடக்கவும் அதுவே பாரமாகிவிடும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதல் அறிவுரை: உடனே வாங்காதீர்கள். நல்ல நெடும்பலகை ஒன்றின் விலை நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெவ்வேறு அளவுகளில் ஐந்தாறு முறை ஏறிப் பார்த்த பின்னரே ஒன்றைத் தேர்வது அறிவுடைமை. அன்றியும், ஒன்பதடிப் பலகையைத் திருமுக்கூடலிலிருந்து பேருந்தில் கொண்டுசெல்ல இயலாது. வாங்கினாலும் கடற்கரையிலுள்ள உறவினர் வீட்டிலேயே வைக்க நேரும்.

வாங்கும் காலம் வரும்போது, பலகையின் உள்ளே இருப்பது எதுவென்று கேளுங்கள். பாலியூரித்தேன் ஃபோம் சற்றுக் கனமானது. காற்றடிக்கும் நாளிலும் நீரில் அமைதியாகப் படிந்து செல்லும். ஆனால் எளிதில் பள்ளம் விழும். தெர்மக்கோல் இனத்தைச் சேர்ந்த ஃபோமின்மேல் எப்பாக்சி பூசியது இலேசானது; நன்கு மிதக்கும்; ஆனால் வெடிப்பு விழுந்தால் விரைவில் நீரைக் குடித்துவிடும். இவ்விரண்டாம் வகையைப் பழுதுபார்க்க எப்பாக்சியையே பயன்படுத்த வேண்டும். பாலியெஸ்டர் பசையைத் தடவினால் உள்ளிருக்கும் ஃபோம் கரைந்து குழியாகிவிடும். மேற்பரப்பு மெத்தென்றிருக்கும் மென்பலகைகளும் உண்டு. தொடக்கநிலையினர்க்கும் பிள்ளைகளுக்கும் அவை நல்லவை. இடித்தாலும் காயம் குறைவு. நெடுநாள் விட்டுத் திரும்புவோர் முதல் சில வாரங்கள் இம்மென்பலகையை எடுப்பதில் வெட்கம் வேண்டுவதில்லை.

பலகையின் அடியில், மீனின் துடுப்பைப் போல் பொருத்தப்படுவது ஃபின். நெடும்பலகையில் நடுவே ஒன்பது பத்து அங்குலத்தில் ஒரே ஒரு பெரிய ஃபின் இருப்பது பழைய முறை. அது நேராகவும் நிதானமாகவும் செல்லும். நடுவில் ஒன்றும் இரு பக்கங்களில் சிறியவை இரண்டுமாகப் பொருத்துவது மற்றொரு முறை. அது திரும்புவதற்கு எளிது. மூன்றுக்கும் இடமுள்ள பலகையை வாங்கினால் இரண்டு முறைகளையும் பழகிப் பார்க்கலாம்.

பழைய பலகை வாங்குவோர், மாடு வாங்குவோரைப் போலத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்; எங்கேனும் மெத்தென்று அமிழ்ந்தால் போர்வை உள்ளிருந்து விட்டுவிட்டது என்று பொருள். வெயிலில் சாய்த்துப் பாருங்கள், குறுக்கே மடிப்பைப் போன்ற கோடு தெரிந்தால் அப்பலகை ஒருமுறை முறியப் பார்த்தது, வேண்டாம். வெடிப்பைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்திருந்தால் நீர் புகுந்திருக்கும். ஃபின் பொருத்தும் இடத்தை ஆட்டிப் பாருங்கள். கடைசியாகத் தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள வேறு பலகையைவிடக் கனத்தால் அது உள்ளே நீரைச் சுமக்கிறது.

வீட்டில் நிழலிலேயே வையுங்கள். தகரக் கொட்டகையிலும், மூடிய காருக்குள்ளும் நம் வெயில் பலகையைக் கொப்புளிக்கச் செய்துவிடும். கால் வழுக்காமலிருக்க மேலே தேய்க்கும் மெழுகிலும் வெப்பக் கடலுக்கென்று தனி வகை உண்டு. குளிர்க்கடல் மெழுகு நம் கரையில் உருகி ஓடிவிடும்.

நீருக்குள்

பலகையில் படுக்கும் இடத்தை முதலில் கண்டறிய வேண்டும். மிகவும் முன்னே படுத்தால், கட்டுமரத்தின் அணியம் புதைவதுபோல் முனை நீருக்குள் குத்தும். மிகவும் பின்னே படுத்தால் முனை தூக்கிக்கொண்டு பலகை நகராது. முனை நீருக்குமேல் இரண்டு மூன்று அங்குலம் நிற்கும் நிலையே சரியானது.

அலை பின்னால் வந்து வாலைத் தூக்கும்போது நின்றுவிடாமல் இன்னும் இரண்டு மூன்று முறை நீரைத் தள்ள வேண்டும். பின்னர் உள்ளங்கைகளை விலாவின் அருகே ஊன்றி, ஒரே வீச்சில் எழ வேண்டும். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். கண் காலைப் பார்க்கலாகாது. செல்லும் திசையைப் பார்க்க வேண்டும். கண் சென்ற பக்கம் உடல் செல்லும். திரும்புவதற்குச் சற்றுப் பின்னே நகர்ந்து நிற்பதும், வேகம் வேண்டும்போது ஓரிரு அடி முன்னே நடந்து வருவதும் நெடும்பலகைக்கே உரிய அழகு.

உடைந்து வரும் நுரையலையைக் கடப்பது இப்பலகையின் கடினமான பகுதி. குறும்பலகையை நீருக்குள் அமிழ்த்தி அலைக்கு அடியில் புகுந்துவிடலாம். நெடும்பலகை அமிழாது. அலை வருமுன் இரு விளிம்புகளையும் இறுகப் பற்றி, ஆமையைப் போலப் புரண்டு, பலகை மேலாகவும் உடல் கீழாகவும் இருக்க, அலையைக் கடந்துபோக விட வேண்டும். பின்னர் மீண்டும் புரண்டு மேலே வர வேண்டும். இதை அமைதியான நீரில் இருபது முறை பழகாமல் வெளியே செல்லலாகாது.

இங்கே ஒரு கணக்கைக் குடும்பத்தலைவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பலகை ஒன்பதடி. அதைக் காலோடு பிணைக்கும் கயிறும் ஒன்பதடி. அவருடைய உடலின் நீளம் வேறு. அலைக்கு அஞ்சிப் பலகையைக் கைவிட்டால், இருபதடிக்கும் மேற்பட்ட வட்டத்துக்குள் ஏழு கிலோ எடையுள்ள ஒரு பொருள் கட்டுக்கடங்காமல் சுழலும். அவ்வட்டத்துக்குள் யாருடைய பிள்ளையேனும் குளித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே பலகையைக் கைவிடாதிருப்பது திறமையைப் பொறுத்தது மட்டுமன்று. அது பிறர்க்கு நாம் செய்யும் கடமை. இடுப்பளவு நீரில் நடக்கும்போதும் பலகையை நமக்கும் அலைக்கும் இடையே பிடிக்கலாகாது. பக்கத்தில் பிடிக்க வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்குள்ளும் ஒரு நீதி உண்டு. ஓர் அலையில் ஒருவரே செல்ல வேண்டும். உடையும் முகட்டுக்கு மிக அருகில் இருப்பவருக்கே அவ்வலை உரியது. நெடும்பலகைக்காரர்க்கு இதில் ஒரு சோதனை காத்திருக்கிறது. தொலைவில் நின்றே அவர் எந்த அலையிலும் ஏறிவிடலாம். குறும்பலகையில் காத்திருக்கும் சிறுவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. எடுக்க முடிந்தும் எடுக்காமல் விட்டுக்கொடுப்பவரே அங்கே மதிக்கப்படுகிறார். கடலுக்கு வெளியேயும் இது பொருந்தும்.

அளவறிந்த ஆயத்தம்

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன் இங்கு இயங்கிய மருத்துவமனையைப் பற்றி அது கூறுகிறது. படுக்கைகள் பதினைந்து, மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மருந்து சேகரிப்போர், நோயாளரைப் பேணும் பெண்கள் எனத் தனித்தனியே ஆட்கள், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நோயாளி வந்தபின் மருந்து தேடலாகாது என்பது அவர்கள் அறிந்த உண்மை. அக்கல்வெட்டுள்ள ஊரின் மருமகன், எவ்வித ஆயத்தமுமின்றி இரவல் பலகையோடு கடலில் பாய்ந்தார் என்பதே என் குறை. அதை அவரிடமே சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

பின்னர் மூவரும் அமர்ந்து நான்கு நிபந்தனைகளை எழுதினோம்.

முதலாவது, உடல். மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் காட்டிய பிறகே கடல். ஊர்க் கிணற்றில் வாரம் மூன்று நாள் நீந்தி, பிடிமானமின்றிப் பத்து நிமிடம் மிதந்து நிற்கப் பழக வேண்டும். காலில் கட்டிய கயிறு அறுந்தால் நீச்சலே துணை. வீட்டில் பாயை விரித்துப் படுத்து, ஒரே வீச்சில் எழும் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பலகை. மூன்று மாதம் வாடகைப் பலகைதான். ஒன்பதடிக்குக் குறைந்ததைத் தொடுவதில்லை. இளைஞர்கள் கேலி செய்தாலும் சரி.

மூன்றாவது, இடமும் காலமும். பாறையருகே உடையும் அலை பின்னர். முதலில் மணல் தரையும் இடுப்பளவு அலையும். விடியற்காலையில் கரைக்காற்று வீசும்போது அலை வழவழப்பாக இருக்கும்; முற்பகலில் கடற்காற்று எழுந்தால் கலைந்துவிடும்; ஆகவே காலை ஒன்பது மணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இக்கரையில் அலை பொதுவாகச் சிறியது; மே முதல் செப்டம்பர் வரை பெரிது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது இறங்குவதே கூடாது. தனியாகச் செல்லலாகாது. கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், பலகையை விடாமல் கரைக்கு இணையாகச் சென்று, இழுப்புக் குறைந்தபின் திரும்ப வேண்டும்.

நான்காவது நிபந்தனையை மனைவி சொன்னார்: "எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்ன நேரத்துக்குக் கரையில் நிற்கவேண்டும். அடுத்த அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி."

கணவர் இதற்குத்தான் சற்றுத் தயங்கினார். அடுத்த அலையை விட்டுவருவது எவ்வளவு கடினம் என்பது அவருக்கல்லவா தெரியும்! பிறகு, "சரி" என்றார்.

வாசகப் பெருமக்களே, அந்த அம்மையாரின் அச்சத்தை அறியாமை என்று யாரும் எண்ணவேண்டாம். நம் கரையில் ஆண்டுதோறும் எத்தனையோ இல்லங்கள் கடலால் துயருற்றுள்ளன. அதுபோலவே, அந்த மனிதரின் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்றும் எண்ணவேண்டாம். உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் ஒருவர், தாம் இழந்த நலமான ஒன்றை அளவோடு மீட்டுக்கொள்ள விரும்புவது குற்றமன்று. அதை விட்டுவிட்டு மதுக்கடை வாசலில் மாலையைக் கழிப்போரை நாம் காண்கிறோமல்லவா? கேட்கவேண்டிய கேள்வி 'கடலா, குடும்பமா' என்பதன்று. 'நேற்றைய நானாகத் திரும்புகிறேனா, இன்றைய நானாகத் திரும்புகிறேனா' என்பதே. தன் இன்றைய வயதையும் எடையையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவர் தாமாகவே நெடும்பலகையை எடுப்பார். இளமையை நடிக்க விரும்புபவர் குறும்பலகையை எடுத்து, தம்மோடு தம் வீட்டாரையும் அலைக்கழிப்பார்.

இரண்டு மாதங்கள் சென்றபின் ஒரு ஞாயிறு விடியலில் அவர்களோடு கோவளம் சென்றேன். தம்பி ஒன்பதடி நான்கங்குல வாடகைப் பலகையைத் தலையில் சுமந்து நீரை நோக்கி நடந்தார். முதல் மூன்று அலைகளை வெறுமனே போகவிட்டார். ஒன்றை ஒரு சிறுவனுக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்தது இடுப்பளவே உயரமான, சோம்பலாக வந்த அலை. அதில் நிதானமாக எழுந்து நின்றார். கரை வரையில் நின்றபடியே வந்தார். மகள் கைகொட்டினாள். "அப்பா, நானும் கற்றுக்கொள்கிறேன்" என்றாள். "முதலில் கிணற்றில் நீச்சல்" என்றார் தந்தை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் பலகையோடு கரையில் நின்றார். அவருக்குப் பின்னால் நல்ல அலையொன்று எழுந்து வந்து யாருமின்றி உடைந்தது. அதை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அச்சம் தீர்ந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"தீரவில்லை ஐயா. ஆனால் இப்போது அவர் திரும்பும் நேரம் எனக்குத் தெரிகிறது" என்றார் அவர். கையில் வைத்திருந்த துண்டைக் கணவரிடம் நீட்டிவிட்டு, தேநீர்க் குடுவையைத் திறக்கலானார்.